சிங்கப்பூரில் வாங்கிய காரைக் கோலாலம்பூரில் பதிவது எப்படி

சிங்கப்பூரில் பத்து வயதை நெருங்கும் கார்கள் சில ஆயிரம் வெள்ளிக்குக் கைமாறுகின்றன. அதே மாடல் கோலாலம்பூரில் என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு, "அங்கே வாங்கி இங்கே ஓட்டினால் என்ன?" என்று கேட்காத மலேசியத் தொழிலாளி சிங்கப்பூரில் குறைவு. சட்டப்படி அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி எல்லாருக்கும் திறக்காது, திறந்தாலும் எல்லாக் காருக்கும் கட்டாது. ஆகவே காரைப் பார்க்கப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: வரி எவ்வளவு, இறக்குமதி அனுமதி கிடைக்குமா, காகிதங்கள் எந்த வரிசையில் நகர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கார் சுங்கக் கொட்டகையில் நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.

வரிக் கணக்கு

வெளிநாட்டில் முழுதாகப் பூட்டி வந்த காருக்கு மலேசியாவில் மூன்று வரிகள்: இறக்குமதி வரி 30 விழுக்காடு, கலால் வரி, அதன் மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. மூன்றும் தனித்தனியே அடக்க விலையின் மேல் விழுந்தால் தாங்கலாம். விழுவது அப்படியல்ல. ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முதலில் அடக்க விலை, அதாவது காரின் மதிப்பு, ஏற்றுக்கூலி, காப்புறுதி மூன்றின் கூட்டுத்தொகை. அதன் மேல் இறக்குமதி வரி. இரண்டையும் கூட்டி அதன் மேல் கலால். எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் விற்பனை வரி.

சாதாரண செடான், ஹேட்ச்பேக் வகைக்குக் கலால் விகிதம் என்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,800 சிசிக்குக் கீழ் 75 விழுக்காடு, 1,800 முதல் 1,999 வரை 80, 2,000 முதல் 2,499 வரை 90, 2,500க்கு மேல் 105. எம்பிவி, நான்கு சக்கர உந்து வண்டிகளுக்குச் சிறிய என்ஜின்களில் விகிதம் சற்றுக் குறையும். பெரிய என்ஜினில் அதே 105தான்.

60,000 ரிங்கிட் அடக்க விலையுள்ள 1.5 லிட்டர் காரை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 18,000. கூட்டினால் 78,000. அதில் 75 விழுக்காடு கலால் 58,500. கூட்டினால் 136,500. அதில் பத்து விழுக்காடு 13,650. ஆக மொத்தம் 150,150 ரிங்கிட். அதில் வரி மட்டும் 90,150. அதே அடக்க விலையில் 2,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் மொத்தம் 175,890.

ஒவ்வொரு தடவையும் இப்படிப் படிப்படியாகப் போட வேண்டாம். அடக்க விலையைப் பெருக்க ஓர் எண் போதும்: 1,800க்குக் கீழ் 2.50, 2,000க்குக் கீழ் 2.57, 2,500க்குக் கீழ் 2.72, அதற்கு மேல் 2.93. காரைப் பார்க்கும் இடத்திலேயே கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிடலாம். வந்த தொகைக்கு அதே வயது, அதே மாடல் இங்கே கிடைக்குமானால் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். பெரும்பாலான கார்களுக்கு விடை இதுதான். மலேசியாவில் விற்பனைக்கே வராத மாடல், இங்கே பழையதுகூட மிக விலை கூடிய வகை, அல்லது பல ஆண்டு சொந்தமாக ஓட்டி நன்றாகப் பராமரித்த வண்டி, இப்படிச் சிலவற்றுக்குத்தான் கணக்கு ஒத்துவரும்.

இதில் ஒரு பொறி உண்டு. அடக்க விலை என்பது நீங்கள் ரசீதில் காட்டும் தொகை என்று நினைக்கக் கூடாது. பயன்படுத்திய வாகனத்துக்குச் சுங்கத் துறை தன் மதிப்பீட்டையே போடும். அந்த மாடல் புதிதாக இருந்தபோது என்ன விலை, என்ன வயது, எந்த வகை என்று பார்த்துத் தேய்மானம் கழித்து ஒரு தொகைக்கு வருவார்கள். நண்பரிடம் "ஆயிரம் வெள்ளிக்கு வாங்கினேன்" என்று எழுதி வாங்கிய காகிதம் அங்கே செல்லாது. குறைத்துக் காட்டியது என்று தெரிந்தால் அது பொய் அறிவிப்பு ஆகும். காரை வாங்குமுன்பே சுங்க முகவர் வழியாக மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாடலின் முழுப் பெயர், தயாரித்த ஆண்டு, முதல் பதிவுத் தேதி, என்ஜின் சிசி, சேசிஸ் எண் இருந்தால் அனுபவமுள்ள முகவர் ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடுவார்.

ஆசியான் நாட்டில் தயாரான காருக்கு இறக்குமதி வரி பூஜ்ஜியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அதற்கு ஏற்றுமதி செய்யும் நாடு தரும் ஃபார்ம் டி என்னும் உற்பத்திச் சான்றிதழ் வேண்டும். தாய்லாந்தில் தயாராகி சிங்கப்பூரில் ஐந்து ஆண்டு ஓடிய காருக்கு அதைத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் நடக்கிற காரியம் அல்ல. 30 விழுக்காட்டையே கணக்கில் வையுங்கள்.

மின்சாரக் கார்களுக்கு இருந்த முழு வரிவிலக்கும் 2025 டிசம்பர் 31 வரைக்குமே. பழைய செய்தியை இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். நாடு திரும்புகிறவர் கொண்டுவரும் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் வரிவிலக்கும் வாகனத்தைச் சேராது.

சிங்கப்பூர் விலையைப் படிக்கும் முறை

சிங்கப்பூர்க் காரின் விலையில் பெரும்பகுதி கார் அல்ல. புதிய காரின் சந்தை மதிப்பான ஓஎம்விமேல் கூடுதல் பதிவுக் கட்டணம் விதிக்கிறார்கள். முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடு, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். அதற்கும் மேலே பத்தாண்டு ஓட்டும் உரிமையான சிஓஇ. பத்து வயதுக்குள் பதிவை ரத்துசெய்து காரை நாட்டை விட்டு வெளியே அனுப்பினாலோ உடைத்தாலோ, மீதமுள்ள சிஓஇக்கான தொகையும், பார்ஃப் எனப்படும் கூடுதல் கட்டணத்தின் ஒரு பகுதியும் உரிமையாளருக்குத் திரும்பக் கிடைக்கும்.

எனவே 90,000 வெள்ளி என்று போட்டிருக்கும் காரில் திரும்பக் கிடைக்கும் தொகை 60,000 என்றால், இரும்பும் ரப்பருமான அந்தக் காரின் உண்மை விலை 30,000. சிங்கப்பூர் வியாபாரிகள் இதை "பாடி" விலை என்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையைத்தான். திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். எல்டிஏயின், அதாவது சிங்கப்பூர்த் தரைப் போக்குவரத்து ஆணையத்தின், ஒன்மோட்டரிங் தளத்தில் உரிமையாளர் வண்டி எண்ணைப் போட்டால் அன்றைய தேதிக்கான தொகை வந்துவிடும். பார்ஃப் விகிதமும் உச்சவரம்பும் கார் எப்போது பதிவானது என்பதைப் பொறுத்து மாறும். வயது கூடக் கூடக் குறையும். பத்து ஆண்டு முடிந்தால் ஒன்றும் இல்லை. சிஓஇயைப் புதுப்பித்த காருக்குப் பார்ஃப் போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்று: திரும்பும் தொகை பதிவில் உள்ள உரிமையாளருக்கே போகும். வாங்குகிறவர் நீங்கள் என்றால், பெயர் மாற்றம் முடிந்த பிறகே பதிவு ரத்து நடக்க வேண்டும். "நான் ரத்துசெய்து பணத்தை உன்னிடம் தருகிறேன்" என்கிற ஏற்பாடு சிநேகிதர்களுக்குள்ளேயே சண்டையில் முடிகிறது.

ஏபி

மலேசியாவுக்குள் எந்த மோட்டார் வாகனமும் இறக்குமதி உரிமம் இல்லாமல் வர முடியாது. எல்லாரும் ஏபி என்றே சொல்கிறார்கள். தருவது மித்தி, அதாவது முதலீடு, வர்த்தகம், தொழில் அமைச்சு. வியாபாரிகள் ரீகான் கார், அதாவது வெளிநாட்டில் ஓடிப் புதுக்கிய கார், இறக்கப் பயன்படுத்துவது திறந்த ஏபி. அதற்குக் கார் ஒன்றுக்கு 10,000 ரிங்கிட் கட்டணம், கார் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். தனிமனிதருக்கு அது கிடைக்காது. அவருக்குள்ளது தனிப்பட்ட இறக்குமதிக்கான ஏபி.

அதன் அடிப்படை எண்ணத்தைப் புரிந்துகொண்டால் நிபந்தனைகள் தானாகப் புரியும். வெளிநாட்டில் நீண்ட காலம் சட்டப்படி வேலை செய்தோ படித்தோ வாழ்ந்த மலேசியர், அங்கே தன் பெயரில் வைத்து ஓட்டிய வாகனத்தை, ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவருவது. அதற்காக மட்டுமே இது. ஆகவே வேலை அனுமதியும் வசிப்பிடச் சான்றும் கேட்பார்கள். கார் உங்கள் பெயரில் பல மாதங்கள் இருந்திருக்க வேண்டும். சென்ற வாரம் வாங்கிய காருக்கு இந்த வாரம் விண்ணப்பிப்பது வீண் வேலை. நாள்தோறும் ஜொகூர் பாருவிலிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர், தான் சிங்கப்பூரில் வாழ்ந்ததாக எப்படிக் காட்டுவது என்று முதலில் யோசிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் என்ன நிபந்தனை நடப்பில் உள்ளது என்பதை மித்தியின் தளத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையை நம்பிக் காரை வாங்காதீர்கள்.

ஏபி ஒரு நபருக்கும் ஒரு சேசிஸ் எண்ணுக்கும் உரியது. "என்னிடம் ஓர் ஏபி இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று விற்கிறவரிடம் இருப்பது உங்களுக்கு உதவாத காகிதம். அது போலியாக இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

காகித வரிசை

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சிங்கப்பூர்ப் பதிவை ரத்துசெய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வண்டி நாட்டை விட்டு வெளியேற வேண்டும், அல்லது ஏற்றுமதி மண்டலத்தில் நிறுத்த வேண்டும், அல்லது உடைக்க வேண்டும். அதற்கான சான்றையும் எல்டிஏயிடம் கொடுக்க வேண்டும். ஆக, ரத்து செய்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஏபி கைக்கு வராமல் ரத்து செய்தவரின் கார் இரண்டு நாட்டுக்கும் இடையில் நிற்கும். இங்கே உள்ளே வர முடியாது, அங்கே சாலையில் வைக்க முடியாது.

சரியான வரிசை இது. முதலில் சிங்கப்பூரில் கார்க் கடன் மிச்சமிருந்தால் முழுதாக அடைத்து, நிதி நிறுவனத்தின் உரிமைக் குறிப்பை நீக்குங்கள். அது இருக்கும்வரை ரத்து நடக்காது. போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் அதையும் முடியுங்கள். அடுத்து மித்தியில் ஏபி. ஏபி கையில் வந்ததும் இரு பக்கத்திலும் முகவரை உறுதிசெய்யுங்கள். சிங்கப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி அனுமதிக்கு ஒருவர், மலேசியப் பக்கம் சுங்க அறிவிப்புக்கு ஒருவர். காரை ஏற்றும் லாரிக்குத் தேதி வாங்குங்கள். அதன் பிறகுதான் பதிவு ரத்து. ரத்தான மறுநாளே காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்தால் மீதமுள்ள மாதங்களுக்குக் கொஞ்சம் பணம் திரும்பும். கூடவே உரிமைகோரல் இல்லாத ஆண்டுகளுக்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். இங்கே எல்லா நிறுவனமும் அதை ஏற்கும் என்பதில்லை, ஆனால் கடிதம் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: பதிவு விவரத் தாள், வாங்கிய ரசீதின் மூலம், ரத்துச் சான்று, ஏற்றுமதி அனுமதி, ஏபி, கடப்பிதழ் நகல், வேலை அனுமதியின் நகல், வசிப்பிடச் சான்று, காரின் நான்கு பக்கப் படங்கள், சேசிஸ் எண் பொறித்த இடத்தின் படம், என்ஜின் எண்ணின் படம். ஒவ்வொன்றிலும் மூன்று நகல்.

சேசிஸ் எண் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குத் தயாராகி, சிங்கப்பூருக்கு இணை இறக்குமதியாக, அதாவது அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர் வழியாக, வந்த கார்களுக்கு 17 இலக்க எண் இராது. மாடல் குறியீடும் நடுவில் ஒரு கோடும் அதன் பின் ஆறு அல்லது ஏழு இலக்கமுமாகக் குட்டையாக இருக்கும். யாரோ ஒருவர் கணினியில் அதைத் தட்டும்போது கோட்டை விட்டுவிடுகிறார், அல்லது பூஜ்ஜியத்தை ஆங்கில ஓ எழுத்தாகப் போட்டுவிடுகிறார். ஏபியில் ஒரு மாதிரி, ரத்துச் சான்றில் வேறு மாதிரி. சுங்க அதிகாரிக்கு அவை இரண்டு வெவ்வேறு வாகனங்கள். திருத்தம் வாங்கச் சில வாரம் ஆகிவிடும். ஏபி வந்த அன்றே காரின் உடம்பில் உள்ள எண்ணோடு வைத்துப் பாருங்கள். காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவது போதாது.

எல்லை தாண்டுதல்

பதிவு ரத்தான காருக்குச் சாலை வரியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. அதை ஓட்டிக்கொண்டு ஜொகூர்ப் பாலத்தைத் தாண்ட முடியாது. கார் சுமக்கும் லாரியில்தான் வர வேண்டும். துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக வந்தால் தஞ்சோங் கூப்பாங்கில் உள்ள சுல்தான் அபு பக்கார் வளாகம், உட்லண்ட்ஸ் வழி என்றால் ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம். முகவர் எங்கே பதிந்திருக்கிறாரோ, எங்கே பழக்கமோ, அங்கே விடுங்கள்.

சுங்க அறிவிப்புக்கான படிவம் கே1. அதில் வாகன விவரம், அடக்க விலை, வரி எல்லாம் வரும். அதிகாரி காரை நேரில் பார்த்து எண்களைச் சரிபார்ப்பார். வரி கட்டி, விடுவிப்பு முத்திரை விழுந்த பிறகுதான் கார் வெளியே வரும். வரி கட்டாமலே கோலாலம்பூருக்கோ பட்டர்வொர்த்துக்கோ கொண்டுபோய் அங்குள்ள உரிமம் பெற்ற கிடங்கில் வைத்துப் பிறகு கட்டும் வழியும் உண்டு. அதற்கு கே8 படிவமும் உத்தரவாதப் பணமும் வேண்டும். ஒரே ஒரு காருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. எல்லையிலேயே முடித்துவிடுவது நல்லது.

வரிப்பணம் முழுவதும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். வங்கிகள் வாகனக் கடன் கொடுப்பது இங்கே பதிவாகும் காருக்கு. சுங்க வரிக்கு அல்ல. பணம் பிறகு வரும் என்று காரைக் கொட்டகையில் விட்டால் நாள் வாடகை ஏறும். வெயிலில் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும். சாவிக்குப் பதில் பொத்தான் உள்ள புதிய கார்களில் பேட்டரி செத்தால் கதவைத் திறப்பதே ஒரு வேலை. லாரியில் ஏற்றும் முன்பே பேட்டரியின் எதிர்மின்முனை இணைப்பைக் கழற்றி வைக்கலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் கால் தொட்டி இருந்தால் போதும்.

எல்லையிலிருந்து வீடுவரையும் லாரிதான். மலேசிய எண் பதியும்வரை அந்தக் கார் இந்த நாட்டுச் சாலையில் ஓடக் கூடாது. வரி கட்டியாயிற்றே என்று ஓட்டிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியவர்கள் உண்டு. காப்புறுதி இல்லாத அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் எதிரே வந்தவரின் செலவு முழுவதும் உங்கள் தலையில்.

ஜேபிஜே

கே1, ஏபி இரண்டும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடுத்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதியுமுன், புஸ்பாகோம் என்னும் வாகனச் சோதனை நிறுவனத்தில் சோதனை. அங்கே பிரேக், விளக்கு, புகை, சக்கர ஒழுங்கு, சேசிஸ் எண், என்ஜின் எண் பார்ப்பார்கள். சிங்கப்பூர்க் கார்கள் மூன்று வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அங்கே சோதனைக்குப் போனவை என்பதால் இயந்திரப் பக்கம் பெரிதாகச் சிக்குவதில்லை. சிக்குவது அலங்காரங்கள்தான்: மாற்றிய முன்விளக்கு, அகலமான டயர், சத்தம் போடும் புகைக்குழாய். மூலப் பாகத்தை மாட்டிவிட்டுப் போங்கள், கழற்றியதைப் பிறகு பார்க்கலாம்.

கண்ணாடிக் கறுப்புத் தாளுக்கு மலேசிய விதி முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும். பின் கண்ணாடிகளுக்கு எல்லை இல்லை. சிங்கப்பூர் விதி முன்புறம் இதைவிடக் கடுமையானது, ஆகவே அங்கே சட்டப்படி ஒட்டிய தாள் இங்கேயும் தேறிவிடும்.

பிறகு பதிவு. கோலாலம்பூரில் வாங்சா மாஜு ஜேபிஜே அலுவலகத்தில் இறக்குமதிப் பதிவுகள் பழகிய வேலை. பினாங்கில் இருப்பவர்கள் அங்குள்ள மாநில அலுவலகத்தில் செய்யலாம். எண் வரிசை நீங்கள் பதியும் இடத்தைப் பொறுத்தது: தலைநகரில் பதிந்தால் இப்போது வி வரிசை, பினாங்கில் பி. பதிவுக்கு முன் காப்புறுதி மின்வழியில் ஜேபிஜேயில் ஏறியிருக்க வேண்டும். அரிதான மாடலாக இருந்தால் இதுவே தாமதப்படும். இங்கே விற்காத காருக்குச் சந்தை விலைப் பட்டியல் இல்லை என்று சில நிறுவனங்கள் மறுக்கும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் முன்கூட்டியே விலை கேட்டு, ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்புறுதி தருகிறவரைத் தேர்ந்தெடுங்கள். முன் கண்ணாடிக்குத் தனிக் காப்பு எடுக்க மறக்க வேண்டாம். அந்தக் கண்ணாடி இங்கே கடையில் கிடைக்காமல் போகலாம்.

சாலை வரி தீபகற்பத்தில் தனியார் செடானுக்கு 1,998 சிசி என்றால் ஆண்டுக்கு 379 ரிங்கிட், 2,494 என்றால் 874, 2,998 என்றால் 2,125. சிங்கப்பூரில் கட்டியதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மொத்தக் கணக்கில் மனம் குளிரும் ஒரே இடம் இதுதான்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே பாதைதான். ஏபி வேண்டும், கே1 வேண்டும். கலால் மட்டும் காரைவிட மிகக் குறைவு, 20 முதல் 30 விழுக்காடு. அதனால் பெரிய சிசி பைக்குகளுக்குக் கணக்கு சில சமயம் ஒத்துவரும்.

வேண்டாத குறுக்குவழிகள்

சிங்கப்பூர் எண்ணோடேயே காரை இங்கே வைத்து ஓட்டலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூர் வாகனங்களுக்கு விஇபி என்னும் நுழைவு அனுமதி கட்டாயம், இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். ஆனால் விஇபி வருகையாளருக்கு உரியது. அதை ஒட்டிவிட்டால் கார் இறக்குமதியாகிவிட்டது என்று பொருள் இல்லை. பத்துமலைப் பக்கம் வீடும் கோலாலம்பூரில் வேலையும் உள்ளவர் சிங்கப்பூர் எண்ணில் தினமும் ஓட்டினால், சுங்கத்துக்கு அது வரி கட்டாத வாகனம்.

பினாங்கிலும் கெடாவிலும் இருப்பவர்களுக்கு வரும் சபலம் வேறு: ஹட்யாய் வண்டிகள். தாய்லாந்திலும் வலப்பக்க ஸ்டீயரிங், பாடாங் பெசாரும் புக்கிட் காயு ஹீத்தாமும் பக்கத்திலேயே. ஆனால் தாய்லாந்தில் வசிப்பிடச் சான்றோ வேலை அனுமதியோ இல்லாத வெளிநாட்டவர் தம் பெயரில் கார் பதிவது கடினம். பெயரில் இல்லாத காருக்குத் தனிப்பட்ட ஏபிக்கு வழியே இல்லை. இந்த இரண்டு வரியில் கதை முடிந்தது. "கெரேத்தா சியாம்" என்று கிராமப் பக்கம் ஓடுகிறவை பெரும்பாலும் கடத்தி வந்தவை. 1967 சுங்கச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கடத்தியவரை மட்டுமல்ல, வரி கட்டாத பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பவரையும் பிடிக்கும். கார் பறிமுதலாகும்.

லங்காவியும் இதே கணக்குதான். 1987 முதல் அது வரியில்லாத் தீவு. அங்கே வாங்கிய கே.வி. எண் காரைச் சுங்க அனுமதியோடு சில நாளுக்குக் கோலக் கெடாவுக்குக் கொண்டுவரலாம். நிரந்தரமாகப் பினாங்கில் நிறுத்தினால் விட்டுவைத்த வரி முழுவதும் வந்து சேரும்.

இன்னும் ஆபத்தானது நகல் கார். சிங்கப்பூரில் பதிவு ரத்தான காரை உள்ளே கடத்தி, இங்கே விபத்தில் நொறுங்கிய அதே மாடலின் கிரானையும் (உரிமைப் பத்திரம்) எண்ணையும் அதற்குப் பொருத்தி விற்பது. காகிதம் உண்மை, கார் பொய். யாராவது நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தால் இவற்றைப் பாருங்கள்: முன் கண்ணாடியின் கீழ் மூலையில் சிங்கப்பூர்ச் சாலைக் கட்டணக் கருவி ஒட்டியிருந்த தடம், சேசிஸ் எண் பொறித்த உலோகத்தில் வெல்டிங் கோடு, மேடு பள்ளம், பக்கத்தில் மட்டும் புதிய பெயின்ட், சீட் பெல்ட் அடியில் தைத்த துண்டிலும் கண்ணாடிகளிலும் உள்ள தயாரிப்பு ஆண்டு கிரானில் உள்ள ஆண்டுக்குப் பொருந்தாமல் இருப்பது. ஒரு கண்ணாடி மாற்றியிருக்கலாம், நான்கும் மாறாது. சந்தேகம் வந்தால் பணம் கொடுக்குமுன் புஸ்பாகோமில் சேசிஸ் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். உடன்படாத விற்பனையாளரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

வந்த பிறகு

உற்பத்தியாளரின் வாரண்டி பெரும்பாலும் நாட்டோடு முடிந்துவிடும். இங்குள்ள அதிகாரபூர்வ மையம் சர்வீஸ் செய்யும், இலவசமாகப் பாகம் மாற்றாது. இணை இறக்குமதி மாடலுக்கு உதிரிப் பாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டியிருக்கும். எண்ணெய் வடிகட்டி, பிரேக் பேட் போன்றவை வேறு மாடலோடு பொருந்துமா என்று பாக எண்ணை வைத்து முதல் மாதத்திலேயே குறித்துக்கொண்டால், பழுதான நாளில் ஓட வேண்டாம்.

ஒரு நாள் விற்கவும் வேண்டியிருக்கும். பழைய கார் வியாபாரி இப்படிப்பட்ட வண்டிக்குக் குறைத்துத்தான் கேட்பார். வாங்க வருகிறவரின் வங்கி கே1இன் நகலையும் ஏபியின் நகலையும் கேட்கும். கிரான் ஒன்று போதும் என்று அவற்றைத் தூக்கிப் போட்டவர்கள் சுங்கத்தில் நகல் கேட்டு அலைந்திருக்கிறார்கள். வரி கட்டிய ரசீது வெப்பத் தாளில் அச்சிட்டது என்றால் எழுத்து மங்கிவிடும். விடுவிப்பு முத்திரை விழுந்த அன்றே எல்லாவற்றையும் வருடி, ஒரு பிரதியைக் காப்புறுதி முகவரிடமும் கொடுத்து வையுங்கள்.